மூதூரிலிருந்து மூன்று போத்தல் கழிவுநீர்

சண்டை நிறுத்தம் எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. வீதி திறந்திருக்கும்போதே போய்விட வேண்டும் என்று பங்குனியில் கிளம்பினேன். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் முறைகள் வைரசின் மரபுப் பொருளை எவ்வளவு தூரம் அகற்றுகின்றன என்பது என் ஆய்வு. கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூர்ப் பக்கம், ஒரு சிறு மருத்துவ நிலையத்தில் அதற்கேற்ற தொட்டிகள் இருந்தன.

கண்டியிலிருந்து திருகோணமலைக்கு ஏறத்தாழ நூற்றெண்பது கிலோமீட்டர். சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, பஸ்ஸில் ஆறரை மணித்தியாலம். அங்கிருந்து மூதூருக்கு லோஞ்ச் என்கிற மோட்டார்ப் படகில் ஒரு மணித்தியாலம், ஐம்பது ரூபாய். தரைவழியும் உண்டு, ஆனால் வழியில் ஒவ்வோர் ஆற்றிலும் மிதவைப் படகு ஏற வேண்டும். ஐஸ் பெட்டியோடு அது சரிவராது.

மூதூரில் நசீர் நானாவின் ஓட்டோ கிடைத்தது; முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்பார்கள். மருத்துவ நிலையத்தில் துப்புரவு வேலை செய்யும் யோகம் அக்கா தொட்டிகளைத் திறந்து காட்டினார். மூன்று போத்தல் எடுத்தேன்: வந்தபடியே ஒன்று, மண்டி அடியில் தங்கிய பிறகு ஒன்று, குளோரின் போட்ட பிறகு ஒன்று. மூன்றாவது, பார்வைக்குக் கிணற்றுத் தண்ணீர்தான்.

மத்தியானம் அக்கா வீட்டில் சோறும் கீரையும். சாப்பிட்டு முடிந்த பிறகுதான் கேட்டார்.

"தங்கச்சி, இந்தக் குளோரின் தண்ணியைக் கீரைக்கு விடலாமோ? சுனாமியில கடல் ஏறினதிலயிருந்து கிணறு உவர். கீரை வித்துத்தான் பிள்ளையளின்ரை கொப்பி, புத்தகம்."

"சோதிச்சுப்போட்டுச் சொல்லுறன் அக்கா. இன்னும் விடேல்லைத்தானே?"

"போன கிழமை தொடங்கினனான்."

நான் கீரையை வழித்துச் சாப்பிட்டு முடித்த சோற்றுக் கோப்பையைப் பார்த்தேன்.

திரும்பும்போது நசீர் நானாவும் லோஞ்சில் வந்தார், டவுனில் ஏதோ உதிரிப்பாகம் வாங்க. திருகோணமலை இறங்குதுறையில் சோதனை. போத்தலில் என்ன கொண்டுவந்தாலும் ஒரு மிடறு குடித்துக் காட்ட வேண்டும். அது அங்கே வழக்கம். முதலிரண்டு போத்தல்களை முகர்ந்ததும் சிப்பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாற்றத்தை நம்பினார். தெளிந்திருந்த மூன்றாவதை நம்பவில்லை.

"குடிச்சுக் காட்டட்டாம்," என்றார் நானா. சிங்களம் தெரிந்தவர் அவர்தான்.

"ஏலாது நானா."

"சுத்தமாக்கின தண்ணிதானே?"

"ஓம். ஆனா…"

"என்ன ஆனா? பின்னால சனம் வெயிலில காயுது. தாங்க, நான் குடிக்கிறன்."

போத்தல் அவர் வாய்க்குப் போய்விட்டது. பாய்ந்து பறித்தேன். பாதித் தண்ணீர் நிலத்தில் கொட்டியது. சிப்பாயின் கை துவக்குக்குப் போனது. நானா அவசரமாக ஏதோ சொன்னார். சிப்பாய் என்னைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே போகச் சொன்னார்.

"என்ன சொன்னீங்கள்?"

"கக்கூஸ் தண்ணியெண்டு."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே."

"ஒரு பொம்பிளப் புள்ள கக்கூஸ் தண்ணி கொண்டு போறாவெண்டு எப்படிச் சொல்ற? வெக்கமில்லையா?"

"அதுக்காகக் குடிக்கப் போனீங்களோ?"

"நீங்கதானே சுத்தமெண்டீங்க."

இரண்டு கிழமையில் முடிவு வந்தது. மண்டி தங்கியதும் வைரசின் மரபுப் பொருள் குறைந்திருந்தது. அழியவில்லை, மண்டிக்குள் இறங்கியிருந்தது. குளோரினுக்குப் பிறகும் மிஞ்சியது அநேகமாக அப்படியே இருந்தது. ஆனால் எங்கள் சோதனை மரபுப் பொருளின் துண்டுகளை மட்டுமே தேடும். செத்தவர் பெயர் வாக்காளர் இடாப்பில் கிடக்கிறதில்லையா, அதுபோல வைரஸ் செத்த பிறகும் துண்டு கிடக்கலாம். உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் வசதி எங்களிடம் இல்லை. முடிவை எத்தனை தரம் வாசித்தும் அக்காவுக்குச் சொல்ல ஒரு வசனம் அதில் கிடைக்கவில்லை.

ஆனாலும் சொல்வதாகச் சொல்லியிருந்தேன். திரும்பவும் லோஞ்ச், திரும்பவும் நசீர் நானாவின் ஓட்டோ.

"இருக்கோ, இல்லையோ?" அக்கா கேட்டார்.

"இருக்கு. உயிரோடையோ எண்டு தெரியாது. மண்டியை மட்டும் பாத்திக்குப் போடாதேங்கோ, அது நிச்சயம்."

"மண்டி கிடக்கட்டும். செத்ததெண்டால் பயமில்லைத்தானே?"

"ஓம்."

"அப்ப செத்ததோ?"

"சொல்லேலாது அக்கா."

ஓட்டோவுக்குள்ளிருந்து நானா குரல் கொடுத்தார். "அக்கா, அந்தத் தண்ணியை நான் குடிக்கப் போக, புள்ள பறிச்ச பறியில என்ட விரல் ரெண்டு நாள் நொந்தது."

அக்கா என்னைப் பார்த்தார். நான் மறுக்கவில்லை. நிறைந்திருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு கீரைப் பாத்தியைத் தாண்டிப்போய், வாழையடியில் ஊற்றினார்.

"கீரை வாடினால் வாடட்டும். வாழைக்குலை உயரத்திலைதானே," என்றார். அதை மட்டும் என்னால் ஆமோதிக்க முடிந்தது.

இப்படி மாதிரி எடுக்கப் போகிறவர்களுக்கு: மூதூரிலேயே ஐஸ் வாங்கிப் பெட்டியை நிரப்புங்கள். சிங்களத்திலும் தமிழிலும் ஒரு கடிதம் வைத்திருங்கள். பெட்டிக்குள் இருப்பது இன்னதென்று வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கீரை எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று சாப்பிட முன்னர் கேளுங்கள். விருந்தாளியாக இருந்துகொண்டு கேட்பது கஷ்டம்தான்.

முடிவு சொல்லப் போன அன்றும் அக்கா சோறு போட்டார். கீரை இல்லை, வாழைப்பூ வறை. நான் ஒன்றும் கேட்கவில்லை. நன்றாக வெந்திருக்கிறதா என்று மட்டும் விரலால் நசித்துப் பார்த்தேன்.