தொண்ணூறு நாள் ஷூ

பெற்றவர்கள் அவளுக்கு நல்ல பேராகத்தான் வைத்திருந்தார்கள். மூன்றாம் வகுப்பு டீச்சர் ஒருநாள் பொறுமை இழந்து "வாயாடி" என்று கத்தினார். அன்றோடு அந்த நல்ல பேர் பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் மட்டும் தங்கிவிட்டது. பேச்சை நிறுத்துவதற்காக அவளை ஒவ்வொரு பெஞ்சாக மாற்றி உட்கார வைத்துப் பார்த்தார்கள். வருஷக் கடைசியில் வகுப்பு மொத்தமும் அவளுக்குச் சிநேகிதிகளாகியிருந்ததுதான் மிச்சம்.

அப்படிப்பட்டவளுக்கு இருபது வயதில் வாய்த்த வேலையைப் பாருங்கள். பெரிய ஹோட்டல் ஒன்றின் நாலாவது மாடியில் அறை சுத்தம் செய்யும் டிரெயினி. முதல் நாளே சூப்பர்வைசர் பாடம் எடுத்தார். "கெஸ்ட் பேசினா பதில் சொல்லு. பேசலேன்னா நீ அங்க இல்லவே இல்ல. புரியுதா?"

ஒரு கெஸ்ட்டும் பேசவில்லை. அவர்கள் வெளியே போன பிறகுதான் இவள் உள்ளேயே போக முடியும். ஒரு நாளைக்குப் பதினாலு அறை. கசங்கிய பெட்ஷீட், தரையில் ஈரத் துண்டு, குளியலறைத் துவாரத்தில் யாரோ ஒருத்தியின் நீள முடி. மனிதர்களை அவர்கள் விட்டுப்போன மிச்சத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டாள். பேச ஆளில்லாமல் கடைசியில் டிராலியோடு பேச ஆரம்பித்தாள். அதன் இடது சக்கரம் கீச்சென்று ஏதோ பதில் சொல்லும். அதுவே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

வீட்டில் அம்மா விஷயத்தை நாசூக்காகச் சமாளித்தாள். யார் கேட்டாலும், "பொண்ணு ஹோட்டல்ல இருக்கா" என்பாள். சித்தப்பாவிடம் அது செல்லாது.

"இருக்கான்னா என்ன அண்ணி? தங்கியிருக்காளா, வேலை பாக்குறாளா?"

"வேலைதான்."

"அதான், என்ன வேலை?"

அம்மாவுக்கு அந்த நேரம் பார்த்துத்தான் அடுப்பில் ஏதாவது தீயும்.

வாயாடியின் ஆசை எல்லாம் ரிசப்ஷன் மேல். மாடி வேலைக்காரர்களுக்கு முன்கூடத்தில் கால் வைக்க அனுமதியில்லை. பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகப் போக வேண்டும். ஒரே ஒரு தடவை கதவின் வட்டக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்திருக்கிறாள். பளிங்குக் கவுண்டருக்குப் பின்னால் இரண்டு பெண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சும்மா இல்லை, சம்பளத்துக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் வீட்டில் இத்தனை வருஷமாக இலவசமாகச் செய்து திட்டு வாங்கியதைத்தான் அங்கே சீருடை போட்டுச் செய்தார்கள்.

பயிற்சி ஒரு வருஷம். அது முடியும்போது ரிசப்ஷனுக்கு ஒருவரை எடுப்பார்கள். மற்ற டிரெயினிகளுக்குச் சான்றிதழும் கைகுலுக்கலும். அந்த ஒருவருக்கான விதிகளைத் தலைமை ஆபீஸ் அச்சடித்துப் பணியாளர் அறைச் சுவரில் மாட்டியிருந்தது. கடைசி விதி: மூடிய கறுப்பு ஷூ, இரண்டு அங்குலக் குதிகால், இல்லாதவர்கள் நேர்முகத்துக்கு வர வேண்டாம். அப்படிப்பட்ட ஷூவின் விலையைக் கடையில் விசாரித்துவிட்டு, வழி தப்பி வந்தவள் போல வெளியே நடந்துவிட்டாள்.

ஒன்பதாம் மாதம் நானூற்றுப் பன்னிரண்டாம் அறை காலியானபோது, அலமாரியின் அடித்தட்டில் அந்த ஷூ இருந்தது. கறுப்பு, மூடியது, இரண்டு அங்குலம், புத்தம் புதுசு. கதவைச் சாத்திவிட்டுக் காலை நுழைத்துப் பார்த்தாள். அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. கண்ணாடி முன்னால் நின்று, "வணக்கம், உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?" என்று கேட்டாள். உதவி கேட்க ஆளில்லை. பெருமூச்சு விட்டுக் கழற்றி, அறை எண்ணும் தேதியும் எழுதிய அட்டையைக் கட்டி, லினன் ரூமுக்கு எடுத்துப் போனாள்.

வெளுத்த விரிப்புகளோடு மறந்துபோன சாமான்களையும் காவல் காப்பது லினன் ரூம் அக்காவின் வேலை. அவருக்கு எல்லா விதியும் தலைகீழ்ப் பாடம்.

"தொண்ணூறு நாள் இங்க இருக்கும். அதுக்குள்ள யாரும் கேக்கலேன்னா, எடுத்தவ கையெழுத்துப் போட்டு வாங்கிக்கலாம்."

"நாமளே போன் பண்ணிச் சொல்லிட மாட்டோமே அக்கா?" குரலில் நேர்மையைவிடக் கவலைதான் தூக்கலாக இருந்தது.

"கூடவே கூடாது. யாரு எங்க தங்கினாங்கன்னு அவங்க வீட்டுக்குத் தெரியணுமா? எந்த ரூம், யாரோட சாமான்னு உயிரே போனாலும் வாயைத் திறக்கக் கூடாது. உன்னைத்தான் சொல்றேன்."

அதன் பிறகு லினன் ரூமில் இருக்கும்போது போன் மணி அடித்தால், வாயாடி துண்டு எண்ணுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வாள். இருபத்தோராம் நாள் ஒருவர் சார்ஜர் கேட்டார். ஐம்பதாம் நாள் யாரோ பல்செட் கேட்டார். எண்பத்து மூன்றாம் நாள் அக்கா போனை எடுத்து, "கறுப்பா சார்?" என்று இவளைப் பார்த்தார். வாயாடி அடுக்கியிருந்த துண்டுகளைக் கீழே விட்டாள். "கறுப்புக் குடையா? பாத்துச் சொல்றேன் சார்," என்று அக்கா போனை வைத்தார்.

தொண்ணூறாம் நாள் அந்த அட்டையில் அவள் போட்ட கையெழுத்து பத்திரத்தில் போட்டது போல நிறுத்தி நிதானமாக விழுந்தது.

வீட்டுக்கு வந்து நடந்து பார்த்தபோதுதான் ஷூவின் சுயரூபம் தெரிந்தது. இடது சுண்டுவிரலைக் கடித்துக் குதறியது. பஞ்சு வைத்தாள், எண்ணெய் தடவினாள். எதற்கும் மசியவில்லை. இரண்டே நாளில் நேர்முகம். பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். அட்டையைப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் பணியாளர் மேனேஜர். மற்றவர் தலைமை ஆபீஸ் மேடம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து, இங்கேயே அறை எடுத்துத் தங்கி, குறை கண்டுபிடித்துவிட்டுப் போகிறவர். சுவரில் இருந்த விதிகளின் கீழே இருப்பது இவர் கையெழுத்துதான்.

"கெஸ்ட் ஒருத்தர் கோவமா வந்து கத்துறார். என்ன பண்ணுவீங்க?" என்றார் மேனேஜர்.

"கத்தி முடிக்கிற வரைக்கும் பேசாம கேப்பேன் சார்."

"உங்களால முடியுமா?" அவள் புகழ் அவளுக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்தது.

மேடத்தின் பார்வை இவள் காலிலேயே நின்றது. பிறகு மெதுவாக, "அந்த ஷூ இடது சுண்டுவிரல்ல கடிக்குமே?" என்றார்.

"ஆமா மேடம், உயிர் போகுது," என்று வாய் முந்திக்கொண்டது. மூளை பின்னால்தான் வந்தது. வந்ததும் அவளுக்குக் குப்பென்று வேர்த்தது.

"எங்க வாங்கினீங்க?"

அறை சுத்தம் செய்கிறவளின் காலில் கெஸ்ட்டின் ஷூ. திருட்டுப் பட்டம் கட்ட அதற்கு மேல் என்ன வேண்டும்? பையில் அட்டை இருந்தது. எடுத்து நீட்டினால் தப்பிக்கலாம். ஆனால் கட்டாயம் என்று விதி எழுதியவரே அதைத் தாங்க முடியாமல் நானூற்றுப் பன்னிரண்டில் விட்டு ஓடிய கதை மேனேஜருக்குத் தெரிந்துவிடும். சாயங்காலத்துக்குள் ஹோட்டல் முழுக்கச் சிரிக்கும். இருபது வருஷத்தில் இவ்வளவு ருசியான ஒரு சேதி வாயாடியின் நாக்குக்கு வந்ததே இல்லை. அதை அவள் முழுங்கினாள்.

"முறைப்படி கையெழுத்துப் போட்டு வாங்கினது மேடம். கைக்கு வரத் தொண்ணூறு நாள் ஆச்சு."

"முன்னாடி யாரோடதுன்னு தெரியுமா?"

"தெரிஞ்சாலும் சொல்றதில்ல மேடம்."

மேஜைக்கு அடியில் மேடம் கால்களை இழுத்துக்கொண்டார். அதற்குள் வாயாடி பார்த்துவிட்டாள்: மெத்தென்ற தட்டைத் துணிச் செருப்பு.

"இந்தப் பொண்ணு போதும்," என்றார் மேடம். மேனேஜருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் கோப்பில் காரணம் எழுத வேண்டுமே. "நிதானமானவர், அதிகம் பேசாதவர்" என்று எழுதினார்.

அன்று அம்மா சித்தப்பாவுக்குத் தானாகவே போன் போட்டாள். அடுப்பில் எதுவும் தீயவில்லை.

வேலையில் சேர்ந்த காலையில் வாயாடி முதன்முறையாகக் கவுண்டரைச் சுற்றி உள்பக்கம் போனாள். பளிங்கு அவள் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. சீனியர் அக்கா கழுத்துத் துணியும் உதட்டுச் சாயமுமாகப் புன்னகைத்தார். காலில் குளியலறை ரப்பர் செருப்பு. பக்கத்தில் இருந்தவள் வெறுங்காலோடு நின்றாள். கீழே ஓரத்தில் கறுப்பு ஷூக்கள் ஜோடி ஜோடியாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

"கழட்டி அங்க வையி. மேனேஜர் சுத்தி வர்றப்ப மட்டும் மாட்டிக்க. கெஸ்ட்டுக்கு நம்ம இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியாது."

தொண்ணூறு நாள் காத்திருப்பும் சுண்டுவிரல் வலியும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அவளுக்கு அழ வேண்டும் போலவும் இருந்தது, விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது. அதற்குள் ஒரு கெஸ்ட் வந்துவிட்டார். குளிர்ந்த தரையில் வெறுங்காலை ஊன்றிக்கொண்டு, "வணக்கம், உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?" என்றாள். அவர் பேசினார். அவள் பேசினாள். சுகமாக இருந்தது.

அடுத்த மாதம் பின்வாசலில் நாலாம் மாடிக்கு வந்த புது டிரெயினி அவளை மறித்தாள்.

"அக்கா, ரிசப்ஷனுக்கு அந்த ஷூ நிஜமாவே வேணுமா?"

வாயாடியிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது.

"உள்ள போறதுக்கு வேணும்," என்றாள். "உன் கால் என்ன சைஸ்?"