டாங்க்குக்குப் போட்ட தவிடு

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் வைத்து, என் பழைய மோட்டார் சைக்கிளுக்குக் கொசு மருந்து பம்பாலேயே கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். காய்ந்ததும் டாங்க் பாகற்காய்த் தோல் மாதிரி இருந்தது. உப்புத்தாளை நனைத்துத் தேய்த்ததில் வழவழப்பு வந்தது, பளபளப்பு போய்விட்டது. மண்ணச்சநல்லூர் அரிசி மில்லில் வேலை பார்க்கும் என் மைத்துனர், "தவிட்டை வச்சுத் தேய்ங்க மாமா, எண்ணெய்ப் பசை இருக்கு, முகம் பாக்கலாம்" என்று ஒரு பை தவிடு கொடுத்தார்.

ஞாயிறன்று தவிட்டை அப்பித் தேய்த்துவிட்டு, துடைக்காமலே காப்பி குடிக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால், எதிர்வீட்டுச் சினைப்பசு டாங்க்கை நக்கிக்கொண்டிருக்கிறது. பெயிண்ட் வயிற்றுக்குள் போயிருந்தால்? எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினேன். எதிர்வீட்டு அம்மாள் ஓடிவந்து மாட்டின் வாயைத் திறந்து பார்த்தார். நாக்கில் கறுப்பு இல்லை, தவிடுதான். "பெயிண்ட் நல்லாவே காஞ்சிருக்குங்க" என்றார் நிதானமாக.

என் மனைவி டாங்க்கைத்தான் பார்த்தாள். "ஒரு வாரமா நீங்க தேய்ச்சதைவிட மாடு நல்லாத் தேய்ச்சிருக்கு."

இப்போதெல்லாம் வண்டியைக் கொல்லைக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்திக்கொண்டுதான் தவிடு போடுகிறேன்; சுத்தமாகத் துடைத்த பிறகே வண்டியை வெளியே எடுக்கிறேன். ஆனாலும் வாசலில் நிறுத்தினால் அந்தப் பசு எழுந்து வருகிறது. டாங்க்கை மோந்து பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்கிறது.