நான் அனுப்பிய எச்சரிக்கை

இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகளில், சின்னக் காஞ்சிபுரத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. இணைப்புக் கிடைக்கும்வரை மோடம் எழுப்பிய கரகரப்பை இன்றும் ஆசையோடு நினைத்துக்கொள்கிறேன். பட்டப்படிப்பு முடித்து வேலைக்குக் காத்திருந்த எனக்குச் சனிக்கிழமைதோறும் அங்கே அரைமணி நேரம்.

ஒரு சனிக்கிழமை, சென்னைத் தோழி ஒருத்தியிடமிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. குறிப்பிட்ட பெயரில் ஒரு கோப்பு உங்கள் கணினியில் இருந்தால் அது வைரஸ். அழித்துவிட்டுக் குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். தெரிந்தவர் அனைவருக்கும் சொல்லுங்கள் என்றது. நல்ல காரியம் செய்கிற நிறைவோடு, ‘அவசியம் செய்யவும்’ என்று என் வரியையும் மேலே சேர்த்து, முகவரிப் பட்டியல் முழுவதற்கும் அனுப்பினேன்.

அந்தப் பட்டியலில் பக்கத்துத் தெருவிலிருந்த என் வகுப்புத் தோழியும் ஒருத்தி. வீட்டில் கணினி வைத்துப் பட்டுச் சேலைகளுக்குக் கரை வரைந்து கொடுப்பவள். அவளுடைய கட்டங்களைப் பார்த்துத்தான், தறியில் அந்தக் கரை விழுவதற்கான அட்டையில் துளை குத்துவார்கள்.

மறுநாள் காலையிலேயே வந்து நின்றாள்.

“நீ சொன்ன ஃபைல் இருந்துச்சுடி. அழிச்சிட்டேன். இப்போ டிசைன் சாஃப்ட்வேரே தொறக்க மாட்டேங்குது. நாளைக்கு அட்டை குத்தறவருக்குக் குடுக்கணும். தறி சும்மா நிக்குது.”

அவளையும் அழைத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். உரிமையாளர் தம்முடைய கணினிகளில் தேடிக் காட்டினார். எல்லாவற்றிலும் அந்தக் கோப்பு இருந்தது.

“இது கம்ப்யூட்டரோடவே வர்றதும்மா. யாரோ புரளி கெளப்பிக்கினு இருக்காங்க. அனுப்பறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

அதை பிளாப்பியில் எடுத்துப்போய் அவள் கணினியில் போட்டும் சாஃப்ட்வேர் திறக்கவில்லை; அதைச் சரிசெய்பவர் சென்னையிலிருந்து புதன்கிழமைதான் வர முடியும். வெட்கத்தை மறைக்க, “அந்த மெயிலை ஏண்டி நம்பினே?” என்று கேட்டுவிட்டேன்.

“மெயிலை எங்க நம்பினேன்? உன்னைத்தான் நம்பினேன்.”

அன்று முழுவதும் அவள் வீட்டுக் கூடத்தில் கட்டத்தாளை விரித்து உட்கார்ந்தோம். நினைவிலிருந்து அவள் அன்னப்பறவைக் கரைக்குக் கோடு போட, நான் சிவப்புப் பென்சிலால் கட்டங்களை நிரப்பினேன்.

“பாத்து நெரப்புடி. ஒரு கட்டம் தப்பினா அன்னத்துக்கு மூக்கு கோணிக்கும். அப்புறம் சேலை பூரா கோண மூக்கு அன்னம்தான் நடக்கும்.”

திங்கட்கிழமை மதியம் தாள் அட்டை குத்துபவரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. மாலையில் இருவரும் பிரவுசிங் சென்டரில் ஒரே நாற்காலியைப் பங்கிட்டுக்கொண்டோம். ‘ஒரு சிறு திருத்தம்’ என்று நான் தொடங்கியதை அவள் அழிக்கச் சொன்னாள்.

“‘சரிபாக்காம அனுப்பிட்டேன், எதையும் அழிக்காதீங்க’ன்னு மொதல் வரியிலயே போடு.”

அப்படியே எழுதி அனுப்பினேன். சற்று நேரத்தில் ஒரு பதில் வந்தது. என்னோடு படித்த இன்னொருத்தி, முதல் கடிதத்தை அன்றைக்கே தன் அலுவலகம் முழுவதற்கும் அனுப்பிவிட்டிருந்தாள்.

என் தோளுக்கு மேலாக அந்தப் பதிலைப் படித்த தோழி எழுந்தாள்.

“ஆபீஸ் மூடறதுக்குள்ள போன் போடலாம், வா. அந்தச் சென்னைக்காரிக்கும் சேத்து.”

எதிர்வரிசை எஸ்.டி.டி. பூத்தில் எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். நாங்களும் வரிசையில் நின்றோம்.