பிலோமினா அக்காவின் நோட்பேட்

போன ஞாயிறு காலை ஒண்டிக்கடை எஸ்.டி.டி. பூத்திலிருந்து எங்கள் எஸ்டேட் செல்வி பேசினாள். "ஏனுங்க, ரைட்டருங்களா? நம்ம டைப்பிஸ்ட் அக்கா போய்ட்டாங்க. தூக்கத்துலயே போய்ட்டாங்க." அழுதுகொண்டே சொன்னவள், "மேல போயும் யாரு எத்தன மணிக்கு வந்தாங்கன்னு எழுதிட்டுத்தான் இருப்பாங்க" என்று சிரித்தும்விட்டாள். நானும் சிரித்துவிட்டேன். பிலோமினா அக்காவை அறிந்தவர்கள் எங்களைத் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மலைமேல் கரடியூர்ப் பக்கம் எங்கள் காபி எஸ்டேட்டில் அவர் டைப்பிஸ்ட். நான் தோட்ட வேலைகளைப் பார்க்கும் ரைட்டர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கற்றுக்கொடுக்கச் சேலத்திலிருந்து வந்தவர் மூன்று நாள் என்னென்னவோ காட்டினார். அக்காவுக்குப் பிடித்தது அந்தப் பெட்டியோடு சேர்ந்தே வந்த நோட்பேட் மட்டும்தான். "வெள்ளத்தாளு, எழுத்து. வேறென்னங்க வேணும்?" என்றார். எஃப்-ஐந்து பொத்தானை அழுத்தினால் தேதியும் மணியும் தானாக விழும் என்று தெரிந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றிலிருந்து ஆபீசில் நடந்ததெல்லாம் அதற்குள் போயிற்று. தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார். போனில் யார் என்ன சொன்னார்கள், மழை எப்போது பிடித்தது, யார் யாரிடம் எரிந்து விழுந்தார்கள், எல்லாமே இருக்கும். "இத்தனையும் எதுக்குக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். "எது வேணும், எது வேண்டாம்னு இன்னைக்கே எனக்கெப்படீங்க தெரியும்?" என்றார்.

பழம் பறிக்கும் சமயத்தில் ஒருநாள் மதியம், தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த நிறைமாதச் செல்விக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. அக்கா மேனேஜர் பங்களாவுக்குப் போன் போட்டார். "ஜீப்ப அனுப்பச் சொல்லிட்டாருங்க" என்றார். நான் குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு அனுப்பினேன். அதே ஜீப்புக்காக முதலாளி சேலம் ஜங்ஷனில் காத்திருந்தது எங்களுக்குத் தெரியாது. பாவம், அத்தனை வளைவுகளையும் பஸ்ஸில் நின்றுகொண்டே ஏறி வந்தார்.

மறுநாள் காலை ஆபீசில் முதலாளி கேட்டபோது, "நா எப்பங்க சொன்னேன்? ரைட்டரு அவரு இஷ்டத்துக்கு அனுப்பிட்டாருங்க" என்றார் மேனேஜர். பொய் சொல்லவில்லை, சாப்பிட்டுப் படுத்திருந்தவருக்கு அந்தப் போனே நினைவில் இல்லை. முதலாளி என் பக்கம் திரும்பாமலே, "சாயந்திரத்துக்குள்ள ஊட்டைக் காலி பண்ணச் சொல்லுங்க" என்றார். எஸ்டேட் வீடு. பிள்ளைகள் இரண்டும் மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தன.

"அஞ்சு நிமிசம் இருங்க சார், பிரிண்டு எடுத்துத் தாரேன்" என்று அக்கா எழுந்தார். அந்த நோட்பேடில் எடுத்தால் அந்த வாரம் அடித்த மொத்தத்தையும்தான் எடுக்க வேண்டும். அன்று காலை அவர் அடித்திருந்த ஒரு வரியைத் திரையில் பார்த்துவிட்டேன். "அக்கா, காலைல மேனேஜரைப் பத்தி அடிச்சத மட்டும் அழிச்சிருங்க" என்று கிசுகிசுத்தேன்.

"ஒரு வரிய எடுத்தவ ஒரு வரியச் சேத்திருக்க மாட்டாளான்னு கேப்பாங்கல்லங்க? கெடக்கட்டும்" என்றார். அவருக்கும் அந்தச் சம்பளத்தை விட்டால் வேறு வழி கிடையாது.

பிரிண்டர் கரகரவென்று தாளைத் தள்ளியது. முதலாளி தேடிப் படித்தார்: 'மதியம் 2.10. மேனேஜர் சார் போனில். ஜீப்பை அனுப்பச் சொன்னார். பாதித் தூக்கம். ரெண்டு தடவை கேட்டேன், ரெண்டு தடவையும் சரி என்றார்.' விரல் கீழே அன்றைய தேதிக்கு இறங்கியது. அதையும் சத்தமாகவே படித்தார்: 'காலை 9.05. மேனேஜர் சார் ஸ்வெட்டரைத் திருப்பிப் போட்டிருக்கிறார். யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.'

எல்லோரும் ஸ்வெட்டரைப் பார்த்தோம். தையல் முழுக்க வெளியே தெரிந்தது. முதலில் சிரித்தவர் முதலாளி. மேனேஜர் அங்கேயே கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டு, "ஏம்மா, எழுதறதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?" என்று தானும் சிரித்தார். அப்புறம் முதலாளி என் பக்கம் திரும்பி, "போய் வேலையப் பாருங்க ரைட்டரே" என்றார். சேலத்தில் செல்விக்குப் பெண் பிறந்திருந்தது. ஆபீஸ் முழுக்க மிட்டாய் கொடுத்தோம்.

அந்தத் தாள்களை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அவ்வளவுதான். எனக்கு அது போதும். கடைசி வரியை முதலாளி படிக்கவில்லை. பிரிண்ட் கொடுப்பதற்குச் சற்றுமுன் அடித்தது: 'காலை 9.40. ரைட்டருக்குக் கை நடுங்குகிறது. காபி கொடுத்தேன். சர்க்கரை ரெண்டு ஸ்பூன்.' அந்தக் காபியைக் குடித்தது எனக்குச் சுத்தமாக நினைவில்லை. ஆனால் அக்கா எழுதியிருக்கிறார், குடித்திருக்கிறேன்.