கிரீஸ் தடவிய ஸ்குரூ

ஐப்பசி பிறந்துவிட்டால் பெங்ஹுத் தீவில் வாடைக்காற்று கடலையே அள்ளிவந்து ஊர்மேல் தெளிக்கும். துணி காயாது. ஜன்னல் கம்பி துருவேறும். மோட்டார் சைக்கிளில் உள்ள ஸ்குரூக்கள் செத்தாலும் வரமாட்டேன் என்று ஒட்டிக்கொள்ளும். ஊரே காற்றைத் திட்டும். யென் சியூ-பாவ் மட்டும் திட்டமாட்டாள். அவள் வீட்டு அடுப்பு எரிவதே அந்தத் துருவால்தான்.

துறைமுகத்துக்குப் பின்தெருவில் அவளுடைய பழுதுபார்க்கும் கடை. கடல் தாண்டி காவ்சியுங் நகரத்துக்குப் போன கணவன் அங்கேயே இன்னொரு குடும்பம் தேடிக்கொண்டு, இவளை விவாகரத்தும் செய்துவிட்டான். அவன் விட்டுப்போன கடையைச் சியூ-பாவ் விடவில்லை. இன்ஜின் வேலைக்கு ஊரில் வேறு ஆட்கள் இருந்தார்கள். ஆனால் தலை மழுங்கிய ஸ்குரூ என்றால் அந்த ஆட்களே வண்டியைத் தள்ளிக்கொண்டு அவளிடம் வருவார்கள்.

அப்படித்தான் ஒருநாள் லு தியென்-ஃபு வந்தார். சந்தைமுனையில் கருஞ்சர்க்கரைக் கேக் அவித்து விற்பவர். ஐம்பதை நெருங்கும் ஒண்டிக்கட்டை. ஆயில் மாற்றுகிறேன் என்று இன்ஜின் மூடியில் கைவைத்து, மூன்று ஸ்குரூக்களின் பள்ளத்தைக் கிண்ணம்போல் வழுவழுப்பாக்கி வைத்திருந்தார்.

"எதால திருகினீங்க?" என்றாள் சியூ-பாவ்.

"வீட்ல இருந்த ஸ்குரூ டிரைவராலதான், முதலாளியம்மா."

"டிரைவரா, கேக் வெட்டுற கத்தியா?"

"கத்தி முதல்லயே முறிஞ்சு போச்சு. அதுக்கப்புறம்தான் டிரைவர்."

பக்கத்துக் கடை வாசலில் முக்காலி போட்டுச் சிப்பி உடைத்துக்கொண்டிருந்த ஆ-சாய் அக்கா குலுங்கிச் சிரித்தாள்.

சியூ-பாவ் ஸ்குரூக்களைச் சுற்றி எண்ணெய் சொட்டிவிட்டு நிதானமாகத் தேநீர் குடித்தாள். எண்ணெய் இறங்க நேரம் வேண்டும். பிறகு மூடியை நெருப்பால் சூடாக்கி, சுத்தியலால் அடிக்க அடிக்கத் தானே திரும்பும் டிரைவரை வைத்து ஓங்கிப் போட்டாள். இரண்டு வந்துவிட்டன. மூன்றாவது அசையவில்லை. அதன் விளிம்பில் சின்ன உளியைச் சாய்த்து வைத்து, இடப்பக்கமாகத் தட்டினாள். 'டிக்' என்று ஒரு சத்தம். அதற்குமேல் விரலாலேயே சுழற்றி எடுத்துவிட்டாள்.

"முதல்ல நல்லா அமுக்கணும், அப்புறம்தான் திருப்பணும். நீங்க அமுக்காமயே திருப்பியிருக்கீங்க" என்றாள்.

"அடேங்கப்பா!" என்று தியென்-ஃபு வாய் பிளந்து நின்றார். மறுநாள் சூடாக ஒரு பெட்டி கேக் வந்து சேர்ந்தது.

அடுத்த வாரம் விளக்கு மூடியின் ஸ்குரூ மழுங்கிவிட்டது என்று வந்தார். அதற்கடுத்து பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தின் மூடி. பிறகு கைப்பிடிக் கண்ணாடி. ஒவ்வொரு முறையும் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சந்தையில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று நடித்தே காட்டுவார். சியூ-பாவ் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு வேலை செய்வாள்.

"அந்த ஆளு வண்டியில ஸ்குரூவே தீர்ந்துபோயிருக்குமேடி" என்றாள் ஆ-சாய். "அவருக்குத்தான் மரை கழண்டிருக்கு போல. உனக்குப் புரியலையா?"

"சும்மா இருங்கக்கா. துருப்பிடிச்ச வண்டி."

ஆனால் சங்கிலி மூடிக்கு வந்தபோது புரிந்துவிட்டது. வழக்கம்போல் எண்ணெய் விட்டு, உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். ஸ்குரூ வெண்ணெயில் இறங்கிய கத்திபோல வழுக்கிக்கொண்டு வந்தது. எடுத்துப் பார்த்தாள். தலை மட்டும் அரத்தால் ராவியதுபோல் மழுங்கியிருந்தது. மரை முழுக்கப் புது கிரீஸ்.

"என்ன இது?"

தியென்-ஃபுவின் காது சிவந்துவிட்டது. "அது... நீங்க கஷ்டப்படக் கூடாதேன்னு..."

"அப்போ தலையை?"

"அது நான்தான். வர்றதுக்கு ஒரு சாக்கு வேணுமே, முதலாளியம்மா."

ஆ-சாயின் சிப்பிக் கத்தி பாதியில் நின்றது.

சியூ-பாவுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. நல்ல ஸ்குரூவை வேண்டுமென்றே கெடுப்பதா? "என் வேலை உங்களுக்கு விளையாட்டா? வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க!" என்று கத்திவிட்டாள். அவர் தலையைக் குனிந்தபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். ஸ்டார்ட் செய்யக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

அதன்பிறகு அவர் வரவே இல்லை. காற்று வலுத்தது, கடையில் வேலையும் வலுத்தது. சியூ-பாவ் தட்டினாள், சூடாக்கினாள், எடுத்தாள். ஆனால் முக்காலி காலியாக இருந்தது கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு மனிதன் பொய் சொல்லும்போதுகூட நம் கை நோகக் கூடாது என்று நினைத்திருக்கிறானே என்று ஒரு மத்தியானம் தோன்றியது. கைக்கிரீஸைத் துடைத்தாள். தலையைக்கூட வாராமல் சந்தைமுனைக்கு நடந்தாள்.

ஆவி பறக்கும் கூடைக்குப் பின்னாலிருந்து தியென்-ஃபு அவளைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"கேக் வேணுமா?"

"ஒரு பெட்டி குடுங்க. வண்டியை ஏன் கொண்டு வரல?"

"அது நல்லாத்தானே ஓடுது."

"நல்லா ஓடுற வண்டியைக் கொண்டுவரக் கூடாதுன்னு எவன் சொன்னான்?" என்றாள் சியூ-பாவ். "சாயங்காலம் வாங்க. அரத்தை மட்டும் வீட்லயே வச்சுட்டு வாங்க."

அவர் சாயங்காலம் வரை பொறுக்கவில்லை. வேகாத கேக்கை அப்படியே போட்டுவிட்டு அவள் பின்னாலேயே வந்துவிட்டார் என்று ஆ-சாய் இன்றும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். வாடை ஓய்ந்து கடல் அடங்கிய மாதத்தில் இருவரும் கல்யாணத்தைப் பதிவு செய்தார்கள். காலையில் கேக் வியாபாரம் முடிந்ததும் தியென்-ஃபு கடைக்கு வந்துவிடுவார். கருவிப் பெட்டியைத் தொட அவருக்கு அனுமதி கிடையாது. விளக்குப் பிடிக்கலாம், கதை சொல்லலாம். அவர் கதை கேட்கவே டயருக்குக் காற்றடிக்க வந்தவன்கூட நின்று, நன்றாக இருக்கும் சங்கிலியை முடுக்கிக்கொண்டு போகிறான்.