கடலோரம் ஒரு பொய் நாரிப்பிடிப்பு

இருபத்தெட்டு வருடக் கலியாண வாழ்க்கையில் நானும் என் கணவரும் தனியாக எங்கேயும் போனதில்லை. போன இடமெல்லாம் சொந்தக்காரர் வீடு. ஈபிள் கோபுரத்தை நான் பார்த்தது ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்குப் போகிற வழியில், காருக்குள் இருந்து, மடியில் பலகாரத் தட்டோடு.

பிள்ளைகள் படிக்கப் போய் வீடு அடங்கியதும் வாய்விட்டுக் கேட்டேன். பத்து நாள், நாங்கள் இரண்டு பேர் மட்டும். படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கிற வோன்மொபில் ஒன்றை வாடகைக்கு எடுத்து, வடகடல் ஓரமாக, தமிழ்ச்சனம் இல்லாத ஊர்களாகப் பார்த்து மெல்ல மெல்லப் போவோம் என்றேன். அவர் சம்மதித்தார். ஆனால் ஜெர்மனியில், டுசல்டோர்ஃபில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி அவருடைய அண்ணை குடும்பம். அவரை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். அத்தானுக்குச் சொல்லாமல் போனால் கோபம். சொன்னால் பெரிய சட்டியோடு வந்து ஏறிவிடுவார்கள். இவரை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு, வேலை எடுத்துக் கொடுத்து, எங்கள் கலியாணத்தையும் முன்நின்று செய்த மனுஷன் அவர். அவர் மனம் நோகக் கூடாது. எனக்கோ என்னுடைய பத்து நாள் வேண்டும்.

ஆகவே பொய் சொன்னோம். யோசனை என்னுடையது, வாய் இவருடையது. இடுப்பை அசைக்க விடாத நாரிப்பிடிப்பு, டொக்டர் 'கூர்' எழுதித் தந்திருக்கிறார், கடற்காற்றுப் பட வேண்டுமாம் என்றார். கூர் என்றால் வைத்தியர் சொல்லி வேறு ஊரில் போய்க் கிடந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு வருவது. எந்த ஊர் என்று அத்தான் கேட்டதும் மனுஷன் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்: குக்ஸ்ஹாஃபன்.

தனிமைக்கு ஆசைப்பட்டு, யாழ்ப்பாணத்துச் சனத்திடம் நோய், வருத்தம் என்று சொன்ன மடையர்கள் உலகத்திலேயே நாங்கள்தான். சுகமாக இருக்கிறவனைச் சனம் விட்டாலும் விடும். வருத்தக்காரனைப் போய்ப் பார்க்காவிட்டால் அது தலைமுறைக்கும் குறை.

முதல் ஐந்து நாளும் சொர்க்கம். எல்பே ஆற்றுக்கு வடக்கே ஹூசும், பியூசும் என்று ஊர் ஊராக நின்றோம். மழையும் வாடகை கொடுத்ததுபோல எங்கள் கூடவே வந்தது. மீன் வைத்த பணிஸ் ரொட்டி வாங்கி, உள்ளே மிளகாய்த்தூள் தூவி, யன்னலோரம் இருந்து சாப்பிட்டோம். "நீர் சிரிக்கேக்க கன்னத்தில குழி விழுது, தெரியுமோ?" என்றார் ஒரு மத்தியானம். இருபத்தெட்டு வருடம் பிந்திய தகவல். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஆறாம் நாள் காலை போன் அடித்தது. அத்தான்.

"தம்பி, நாங்கள் வெளிக்கிட்டிட்டம். மத்தியானம் குக்ஸ்ஹாஃபனில நிப்பம். அண்ணி முருங்கையிலைச் சூப் கொண்டு வாறா."

"வேண்டாம் அண்ணை, இஞ்ச ஒரே மழை."

"மழை என்ன, காருக்குள்ளயே பெய்யுது?"

குக்ஸ்ஹாஃபன் ஆற்றுக்கு அந்தப் பக்கம். அவ்விடத்தில் பாலம் இல்லை, ஃபெரிக் கப்பலில்தான் கடக்க வேண்டும். விழுந்தடித்துக்கொண்டு புறப்பட்டோம். வோன்மொபிலோ எண்பதைத் தாண்டினால் அலுமாரிக் கதவுகள் திறந்து கோப்பைகள் கீழே குதிக்கும். ஃபெரித்துறையில் நீண்ட வரிசை. எங்களுக்கு முன்னால் ஒரு உழவு மெஷின், அதற்கு முன்னால் மழைக்கோட்டு போட்ட கிழவர்கள் பன்னிரண்டு பேர் சைக்கிளோடு. மெல்லப் போக வேண்டும் என்று கேட்டவள் நான்தானே.

ஃபெரியில் ஒரு ஜெர்மன் பெண்மணி, விடுமுறையா என்று கேட்டார். இல்லை, கணவருக்குச் சுகமில்லை என்றேன். பழக வேண்டுமே. சுகமில்லாதவர் மேல்தளத்தில் நின்று கடற்பறவைகளுக்குப் பாண் எறிந்து துள்ளிக்கொண்டிருந்தார். இழுத்துக்கொண்டு வந்து, "எங்க, நடந்து காட்டுங்கோ" என்றேன். நொண்டினார்.

"அது கால் வருத்தம். உங்களுக்கு நாரி!"

குக்ஸ்ஹாஃபன் கடற்கரையில் கூரை வைத்த பிரம்பு இருக்கைகள் உண்டு. அதில் ஒன்றில் இவரை இருத்தி, கம்பளி போர்த்தி, தலையில் மஃப்ளர் சுற்றினேன். நாரிக்கு எதற்கு மஃப்ளர் என்று கேட்கக்கூடாது. எங்கள் ஆட்களுக்கு மஃப்ளர் கட்டினால்தான் அது வருத்தம். வோன்மொபிலைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருந்தோம்.

அத்தானும், நான் அக்கா என்று கூப்பிடுகிற அவர் மனைவியும் வந்தார்கள். ஐந்து மணித்தியாலம் மழைக்குள் கார் ஓடிய களை அத்தானின் முகத்தில் தெரிந்தது. அவருக்கு அறுபத்தெட்டு வயது. "கோயில்ல உம்மட பேருக்கு அர்ச்சனை செய்தனாங்கள்" என்று அக்கா இவருடைய நெற்றியில் விபூதி பூசினார். இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கிளினிக் எங்கே என்று அத்தான் கேட்டார். அங்கே ஆட்களைப் பார்க்க விடமாட்டார்கள் என்றேன்.

அப்போது மழை கொட்டத் தொடங்கியது. இருக்கையில் இரண்டு பேருக்குத்தான் இடம். அத்தான் அக்காவைத் தம்பியின் பக்கத்தில் இருத்தி, தன் குடையை அவர்கள் இருவருக்கும் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். பிடரியால் தண்ணீர் வழிந்தது. ஒரு நிமிஷம் பொறுத்தேன், இரண்டு நிமிஷம் பொறுத்தேன். அதற்குமேல் என்னால் ஏலவில்லை. "வாங்கோ" என்று கூட்டிக்கொண்டு போய் வோன்மொபிலின் கதவைத் திறந்தேன்.

உள்ளே எல்லாம் அப்படியே கிடந்தது. வைன் போத்தல், இரண்டு கிளாஸ், கொடியில் காயும் நீச்சல் உடுப்பு. அத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கூர் இல்லையோ?"

"இல்லை அத்தான். தனிய வர ஆசைப்பட்டம். என்ர யோசனைதான்." எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்ப நாங்கள் உங்களுக்குக் கரைச்சலோ, தொல்லையோ?"

இவர் மஃப்ளரை அவிழ்க்கத் தொடங்கினார். பதில் அக்காவிடமிருந்து வந்தது.

"ஓம், கரைச்சல்தான். நாப்பது வரியமா இந்த மனுஷன் எனக்கே கரைச்சல், அதுகளுக்கு இருக்காதே?"

சொல்லிவிட்டு அக்கா படுக்கையில் ஏறி, காலை நீட்டி, யன்னலால் தெரிந்த கடலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "பிள்ளை, எனக்கு என்ன வருத்தம் எண்டு சொன்னால் நல்லது?"

அத்தான் சிரிக்கக் கூடாது என்று பார்த்தார். முடியவில்லை.

அடுத்த வருடம் வைகாசியில் செய்தி பரவியது. அக்காவுக்கு முழங்கால் சரியில்லை, பால்டிக் கடல் பக்கம் கூர், ஒருவரும் வரத் தேவையில்லை. சனம் துடித்தது. டொக்டர் ஆட்களைப் பார்க்க விடவில்லையாம் என்று நானே எல்லாரையும் மறித்தேன். இவரைத்தான் மறிக்க முடியவில்லை.

"உண்மையா முழங்கால் வருத்தம் எண்டால்?"

"பொய். நான்தானே சொல்லிக் குடுத்தனான்."

"தெரியும். எண்டாலும்..."

கார்ச் சாவியை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்தேன். இரண்டு நாள் வீடு முழுக்கத் தேடினார். மூன்றாம் நாள் அக்கா போன் எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். அத்தானும் எடுக்கவில்லை. ஐந்தாம் தரமும் மணி அடித்து ஓய்ந்ததும், வாளிக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு, இவருக்கு முந்தி நான் காலில் சப்பாத்தைப் போட்டேன்.