கடலுக்குள் போய் வந்த அப்பளம்

எழுபதுகளின் தொடக்கம். மாசி மாதம், எண்ணூர்ப் பக்கம் கடல் கொஞ்சம் தெளிந்து கிடக்கும் நாட்கள். நாங்கள் அப்போது இராயபுரத்தில் தேவாலயத்துக்குப் பின்தெருவில் குடியிருந்தோம். வாசல் அறையில், அப்பா விட்டுப்போன சின்ன போட்டோ ஸ்டூடியோவை நான் நடத்திக்கொண்டிருந்தேன். என் கணவர் கடலில் முக்குளிப்பவர். கப்பலின் அடிப்பாகமோ பாலத்தூணோ, தண்ணீருக்குள் போய்ப் பார்த்துவந்து சொல்வது அவர் வேலை.

எண்ணூரில் ஒரு தனியார் கம்பெனிக்குச் சரக்கு இறக்கும் பாலம் இருந்தது. அதன் இரும்புத் தூண்களைப் பழுதுபார்க்கும் வேலையை ஒரு கான்ட்ராக்டர் எடுத்திருந்தார். வேலை முடிந்ததும் சரிபார்க்க என் கணவரை இறக்கினார்கள். அவர் மேலே வந்து, ஒரு தூணின் அடியில் வெல்டிங் பிளந்திருக்கிறது என்றார். கான்ட்ராக்டரின் சூப்பர்வைசருக்கு அது பிடிக்கவில்லை.

"நீ கீய போவவே இல்ல. பாதியில கயித்தப் புடிச்சினு தொங்கிட்டு வந்து கதை வுடுற" என்றார், எல்லோர் முன்னாலும்.

முக்குளிப்பவர் பார்த்ததை இன்னொருவர் பார்க்க முடியாது. அவர் சொல்லை நம்பித்தான் கூப்பிடுகிறார்கள். கீழே போகாமலே கதை சொல்கிறவன் என்று பெயர் வந்துவிட்டால் தொழில் முடிந்தது. வழக்கமாகக் கூப்பிடுகிறவர்கள்கூட "அப்புறம் பாக்கலாம்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். என் கணவர் வீட்டில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

"போட்டோ புடிச்சிக் காட்டுவோம்" என்றேன்.

"கேமரா இன்னா மீனா, தண்ணிக்குள்ள போவ?"

"மீன் இல்ல. அதனாலதான் பொட்டி செய்யணும்."

ஸ்டூடியோவில் இருந்தது ஒரே ஒரு கேமரா. ஈரம் பட்டால் என் பிழைப்பும் போய்விடும். அது தெரிந்துதான் சொன்னேன்.

தண்ணீர் புகாத பெட்டி என்றதும் எனக்கு பிரஷர் குக்கர்தான் நினைவுக்கு வந்தது. ஆவியையே விடாத ரப்பர் தண்ணீரையா விட்டுவிடும்? அடியில் வட்டமாக அறுத்துக் கண்ணாடி பதித்தோம். கேமராவை வைத்துச் சோதிக்க எனக்கு மனம் வரவில்லை. பொரித்த அப்பளம் ஒன்றை உள்ளே வைத்து மூடினேன். கொஞ்சம் ஈரக்காற்று பட்டாலே நமுத்துப்போகும் பொருள். அதைவிடக் கறாரான சாட்சி எங்கே கிடைக்கும்?

தண்ணீர் பீப்பாயில் முக்கி எடுத்தபோது அப்பளம் மொறுமொறுவென்றே இருந்தது. கடலில் ஆழத்துக்கு இறக்கியபோது கூழாகிவிட்டது. கட்டுமரம் கொண்டுவந்த அவருடைய சிநேகிதர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "கொயம்பு ஊத்த வேண்டியதுதான் பாக்கி, தங்கச்சி" என்றார்.

மறுநாள் குக்கர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் புரிந்தது. அடுப்பில் ஆவி உள்ளேயிருந்து தள்ளுகிறது. தள்ளத் தள்ள ரப்பர் விளிம்போடு இறுகுகிறது. கடல் தள்ளுவதோ வெளியிலிருந்து. அதே ரப்பரை அது உள்பக்கமாக நெட்டித் தளர்த்திவிடுகிறது. வெளியே போகாமல் காக்கிற மூடியை, உள்ளே வராமல் காக்கச் சொன்னால் அது என்ன செய்யும்?

இதைச் சொன்னதும் என் கணவர் எழுந்து வந்து வெல்டிங் வேலையில் உட்கார்ந்தார். தடித்த இரும்புத் தகட்டில் பெட்டி, முன்பக்கம் கண்ணாடி. மூடி விளிம்பின் மேல் தட்டையாக உட்காரும். நடுவில் லாரி டியூப் ரப்பர். இப்போது தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு மூடி இறுகும். கேமரா விசையை வெளியிலிருந்து அழுத்த, பித்தளைத் தண்ணீர்க்குழாயின் திருகுத் தலையைப் பக்கவாட்டில் பொருத்தினார். அடுத்த சோதனையில் அப்பளத்தின் ஒரு ஓரம் மட்டும் நமுத்திருந்தது. குழாய்த் தலையின் பக்கத்து ஓரம். கிரீஸில் ஊறிய பருத்தி நூலை அதன் கழுத்தில் சுற்றித் திணித்தோம். அதற்கடுத்த முறை அப்பளம் சத்தத்தோடு உடைந்தது. மூன்று பேரும் கட்டுமரத்திலேயே பங்குபோட்டுத் தின்றோம்.

பாலத்துக்குள் எங்களை விடமாட்டார்கள். அதனால் உச்சிவெயிலில், கடல் பக்கமாகக் கட்டுமரத்தில் போனோம். நானும் ஏறிக்கொண்டேன். கேமராவை இன்னொருவர் கையில் கொடுக்க நான் தயாராக இல்லை. கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே வைத்திருந்தேன். என் கணவர் பெட்டியோடு மூச்சடக்கி இறங்கினார். ஒரு தடவைக்கு ஒரு படம்தான். மேலே வந்ததும் நான் பெட்டியைத் துடைத்துத் திறந்து, பிலிமைச் சுற்றி, ரப்பரை உலர்ந்த துணியால் மறுபடி துடைத்து மூட வேண்டும். ஒரு மணல் துகள் இருந்தாலும் தண்ணீர் புகுந்துவிடும்.

இரண்டாவது தடவை மூடிக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் பாலத்தின் மேலிருந்து பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, சுறாவுக்குக் கல்யாணமா? போட்டோ புடிக்க வந்துகீறே?"

"ஆமா. மாப்ள வூடு நீங்கதான். கொஞ்சம் சிரிச்ச மாதிரி நில்லுங்க."

கட்டுமரக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். சூப்பர்வைசர் போலீஸைக் கூப்பிடுவேன் என்று கத்தினார். "சீக்கிரம் மூடு, போயிடலாம்" என்று என் கணவரே சொன்னார். நான் அவசரப்படவில்லை. நான்கு ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மரைகளை முடுக்கினேன். அவர் மறுபடி இறங்கினார்.

பிலிமைக் கழுவியபோது முதல் படம் வெறும் கலங்கல். இரண்டாவதில் தூணின் பிளவு தெரிந்தது. அதற்குள் அவருடைய நான்கு விரல்களும் கணுவரை நுழைந்திருந்தன.

கம்பெனி என்ஜினியரிடம் படத்தைக் கொண்டுபோய் வைத்தோம். சூப்பர்வைசரும் வந்தார். "இது எங்க தூண்தான்னு எப்படி சொல்ற? எங்கியாவது இடிஞ்சி கெடக்கற இரும்பா இருக்கும்" என்றார்.

"அப்போ உங்க ஆள எல்லாத் தூணுக்கும் எறக்குங்க. நாலு விரல் நுழையற இடம் இல்லன்னு அவர் வந்து சொல்லட்டும். நான் இந்தப் படத்தை இங்கியே கிழிச்சிப் போடறேன்" என்றேன்.

என்ஜினியர் வேறொரு முக்குளிப்பவரை வரவழைத்து இறக்கினார். அவர் மேலே வந்து தலையைத் துவட்டக்கூட இல்லை. "எங் கையும் போவுது சார்" என்றார். அன்றைக்கே பாலத்தில் சரக்கு இறக்குவது நின்றது. தூணைத் திரும்பச் சரிசெய்தார்கள்.

கான்ட்ராக்டர் ஆள் அனுப்பி என் கணவரை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார். "என்னப் பொய்யன்னு சொன்னவரு, அதே எடத்துல, அதே ஆளுங்க முன்னாடி மாத்திச் சொல்லட்டும். அப்புறம் வர்றேன்" என்று இவர் சொல்லியனுப்பினார். சூப்பர்வைசர் சொல்லவில்லை. இவரும் போகவில்லை. ஆனால் பாலத்தில் நடந்தது துறைமுகம் முழுக்கப் பரவியிருந்தது; மற்ற இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. அந்தக் கான்ட்ராக்டருக்கு மட்டும் அவர் கடைசிவரை முக்குளிக்கவில்லை.

அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் என் சாமர்த்தியத்தைப் பாராட்டுகிறார்கள்; எனக்கு அதில் பெருமை உண்டுதான். ஆனால், உயிரைப் பணயம் வைத்துக் கீழே போய் வந்த மனிதர் தன் வாயால் சொன்னதே அன்றைக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் நான் இன்றுவரை யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.